திரிக்கம்பி

சைகோன் ஆற்றில் நிற்கும் தவிட்டுப் படகின் அடிவயிற்றுக்குள் இறங்குவது லேசுப்பட்ட வேலையில்லை. ஈரத் தவிடு புளித்தால் அடியில் கெட்ட காற்று தங்கும். கண்ணுக்குத் தெரியாத அந்தச் சனியனைக் காட்டிக்கொடுக்கப் படகு மேஸ்திரி அபுல் ஹசனிடம் ஒரு விளக்கு இருந்தது. கனத்த கண்ணாடி, மேலே கம்பிவலைக் கூடு, சாவி போட்டால்தான் திறக்கும் அடிப்பாகம், அதன் வழியே திரியை ஏற்றி இறக்க ஒரு சின்னக் கம்பி. சுடர் நீண்டு நீலம் கட்டினால் தீப்பிடிக்கும் வாயு இருக்கிறது. சுருங்கினால் மூச்சுவிடக் காற்று போதாது. எது நடந்தாலும் மறுபேச்சில்லாமல் மேலே ஏறிவிட வேண்டும்.

இதையெல்லாம் காலையிலேயே சொக்கலிங்கத்திடம் சொல்லியாயிற்று. செட்டிநாட்டுப் பக்கத்திலிருந்து வந்து புதிதாய் வேலைக்குச் சேர்ந்தவன். அவன் மனைவி அன்னபூரணி விடியலிலிருந்து பிரசவ வலியோடு ஆஸ்பத்திரியில் கிடந்தாள். அங்கே போய் இரு என்று அபுல் ஹசன் எவ்வளவோ சொல்லிப் பார்த்தார். வாசலில் உட்கார்ந்து நகம் கடிப்பதைவிடக் கை வேலையாய் இருந்தால் தேவலை என்று வந்துவிட்டான்.

முதலில் கயிற்றில் கட்டி இறக்கிய விளக்கு நன்றாகவே எரிந்தது. பிறகு சொக்கலிங்கம் இடுப்பில் கயிற்றோடு இறங்கினான். விளக்கை ஒரு குறுக்குக் கட்டையில் மாட்டிவிட்டு, அடைத்துக்கொண்ட பம்புக் குழாயைக் குடையக் குனிந்தான். கயிறு காலைச் சுற்றுகிறதென்று அவிழ்த்தும் போட்டான். மேலிருந்து அபுல் ஹசன் திட்டியது காதில் ஏறவில்லை.

கிளறக் கிளற அடிக்காற்று கிளம்பியிருக்க வேண்டும். சுடர் சுருங்கியது. ஏறி வா என்று அவர் வாயெடுப்பதற்குள் அது பழையபடி நிமிர்ந்து நின்றது. அப்பாடா என்றிருந்தது அவருக்கு. மறுபடி சுருங்கியது, மறுபடி நிமிர்ந்தது. அப்போதுதான் இருட்டிலிருந்து ஒரு கை நீண்டு விளக்கின் அடியைத் தொடுவதைப் பார்த்தார். பாவி, கம்பியைத் தள்ளித் திரியை ஏற்றிவிட்டுக்கொண்டிருக்கிறான். அபுல் ஹசன் விளிம்பில் குனிந்து கத்தினார்.

"சொக்கா, திரியத் தொடாத. ஏறு மேல."

"இந்தா வந்துட்டேன், பாய்." நாக்கு குழறியது.

சுடர் மூன்றாம் முறை சுருங்கியது. இந்தத் தடவை கை வரவில்லை. விளக்கு அணைந்தது.

விளக்கு அணைந்த இடத்தில் யாரும் இறங்கக் கூடாதென்பது அவரே போட்ட சட்டம். கயிற்றைப் பிடித்திருந்த உள்ளூர்க் கூலிகள் இருவரும் அவர் முகத்தையே பார்த்தார்கள். நான் கயிற்றைச் சுண்டினால் இழுங்கள் என்று சைகை காட்டிவிட்டு, கடலில் முங்குகிறவர் மாதிரி நெஞ்சு நிறைய மூச்சை இழுத்துக்கொண்டு இறங்கினார். தவிட்டுச் சேற்றில் துழாவி ஆளைக் கண்டுபிடித்தார். அக்குளுக்கடியில் கயிற்றைக் கட்டிச் சுண்டினார். விளக்கை எடுத்துக்கொண்டு ஏணியைப் பற்றியபோது அவருக்கே கண் இருட்டிக்கொண்டு வந்தது.

மேல்தளத்தில் கிடத்தி முதுகில் அறைந்த பிறகுதான் சொக்கலிங்கம் இருமினான். கண் திறந்ததும் விளக்கைத் தேடினான். செத்துத் தொலைய இருந்தாயே என்று திட்ட அபுல் ஹசன் வாயைத் திறந்தார். அவன் முந்திக்கொண்டான்.

"அன்னம் அங்க உசிருக்குப் போராடிக்கிட்டு கெடக்கா, பாய். இன்னைக்குப் போயி எங் கையில வெளக்கு மங்கலாமா?"

அபுல் ஹசன் சாவி போட்டு விளக்கைத் திறந்து, ஏற்றி, அவன் கண்ணில் படும்படி தலைமாட்டில் வைத்தார். திரிக்கம்பியை மட்டும் உருவித் தன் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.