சுவிஸ் மாமா செய்த சீர்

ரெட்டோ வரைந்த பசு மறுநாள் காலை நிறம் இல்லாமல் எழுந்து நின்றது. அதன் வயிற்றுக்கு அந்தப் பக்கம் கட்டியிருந்த கன்று இந்தப் பக்கத்திலிருந்தே தெரிந்தது. வழக்கம்போல நாலு லிட்டர் கறந்ததால் ஒலக்கூரில் யாரும் அதைப் பெரிதுபடுத்தவில்லை.

ரெட்டோ சுவிட்சர்லாந்துக்காரர். பெர்ன் நகரில் பிறந்து, இருபத்தைந்து வயதுக்குள் பேர் வாங்கிய ஓவியர். எதை வரைந்தாலும் அதன் நிறம் கேன்வாஸுக்குப் போய்விடும். நாற்பது ஆண்டுகளில் மூன்று மலைகளும் ஓர் ஏரியும் வெளுத்துப்போனதும் ஊர்க்காரர்கள் அவரை மரியாதையாகவே வழியனுப்பி வைத்தார்கள். தன்னை மட்டும் அவர் வரைந்ததே இல்லை. அடக்கம் என்று விமர்சகர்கள் எழுதினார்கள். அடக்கமாவது மண்ணாவது, பயம்! 2019-இல் திண்டிவனத்தில் ரயிலைவிட்டு இறங்கி, ஒலக்கூரில் ஞானமதி வீட்டு மாடியில் குடிவந்தார்.

2023 மாசியில் களத்தில் காய்ந்த மல்லாட்டையை, அதாவது வேர்க்கடலைக் குவியலை, வரைந்தபோது, அதன் பின்னால் தெரிந்த கறுப்பைக் காக்கை என்று நினைத்து ஒரு புள்ளி வைத்தார். அது ஞானமதியின் ஐந்து வயது மகள் சுஷ்மாவின் உச்சந்தலை.

மூன்றாம் நாள் சுஷ்மாவுக்குப் பின்னால் இருந்த சுவர் தெரிந்தது. டாக்டர் நாடி சரியாக இருக்கிறது என்றார். ஆறாம் நாள் பிள்ளையே தெரியவில்லை. ஞானமதி அவள் காலில் கொலுசு மாட்டி, சத்தத்தை வைத்துத் தேடிச் சோறூட்டினாள். ஒன்பதாம் நாள் அந்தச் சத்தமும் தேயத் தொடங்கியது. அதுவும் நின்றுவிட்டால் பிள்ளையை எங்கே போய்த் தேடுவது? அவள் நிறம் இருந்த படமோ அதற்குள் விற்றுப்போய் விமானம் ஏறிவிட்டது.

அன்றுதான் தபால்காரர் சவுரிராயன் வாசலில் நின்று பார்சலில் இருந்த முழுப்பெயரைக் கூவினார். "ரெட்டோ அம்மான் சார், ஒரு கையெழுத்துப் போடுங்க!"

அவர்கள் நாட்டில் அம்மான் வெறும் குடும்பப் பெயர். ஞானமதியின் காதில் அது தாய்மாமன் என்றே விழுந்தது.

"அம்மானா நீங்க? நாலு வருசமா சொல்லாமலே இருந்துக்கினீங்களே! எனக்குக் கூடப்பொறந்தவங்க யாரும் இல்ல. எம் பொண்ணுக்கு மாமன் சீர் நீங்கதான் செய்யணும். ஜல்தி பண்ணுங்கண்ணா!"

"அது பேரு..." என்று தொடங்கிய ரெட்டோ, தேய்கிற கொலுசைக் கேட்டு நிறுத்திக்கொண்டார். "என்ன குடுக்கணும்?"

"உங்ககிட்ட இருக்கிறத."

அவர் ஒரு கண்ணாடி கேட்டு வாங்கினார். முதல்முறையாகத் தன்னை வரைந்தார். சாயம் காய்வதற்குள் அதை வழித்தெடுத்து, கொலுசு கேட்ட இடத்தில் தடவிக்கொண்டே போனார். முதலில் ஒரு நெற்றி வந்தது, பிறகு மூக்கு, பிறகு அம்மா என்று கூப்பிட்ட வாய். கண் நீலமாகவும், முடி அறுபத்தைந்து வயது நரையாகவும் அமைந்துவிட்டன. ஞானமதி அதையெல்லாம் பார்க்கவே இல்லை. பிள்ளையைக் கட்டிக்கொண்டு அழுதாள். நன்றி சொல்லத் திரும்பியபோது அவர் நின்ற இடத்தில் யாரும் தெரியவில்லை.

வைகாசியில் சுஷ்மாவுக்குக் காது குத்தினார்கள். சபை நடுவில் போட்டிருந்த நாற்காலியில், இருக்கைக்கு ஒரு சாண் மேலே அவள் உட்கார்ந்திருந்தாள். ஆசாரி விருத்தாசலம் ஊசியை எடுத்துக்கொண்டு குனிந்தார்.

"மாமா, கொழந்த தலய ஆடாம புடிச்சுக்கோங்க" என்றார்.

தலை ஆடவில்லை.