எட்ரியனோடு பாடுகிறவள்

பிரிஞ்சாங் என்ற மலையூரில் ஒரு ஹோட்டலில் நானும் என் புருஷன் எட்ரியனும் மாலைத் தேநீர் வேளையில் பாடிக்கொண்டிருந்தோம். அவன் கித்தார் வாசிப்பான், கூடவே பாடுவான். தேயிலைத் தோட்டத்து லயத்தில் பிறந்த இரண்டு பேர் பாட்டுப் பாடியே சோறு தின்ன முடியும் என்பதை என் மாமியார் கடைசிவரை நம்பவில்லை.

போன வருடம் அவனுக்குப் புற்றுநோய் வந்தது. படுக்கையில் விழுவதற்குள் எல்லாப் பாட்டுக்கும் கித்தாரையும் தன் குரலையும் பதிந்து கொடுத்தான்.

"நான் போயிட்டாலும் நீ பாடலாம்லா சிந்தியா. கொழுந்து கிள்ளப் போயிடாத."

அடக்கம் முடிந்த அடுத்த வாரமே மேடை ஏறினேன். பக்கத்து நாற்காலி காலி. ஸ்பீக்கரில் அவன் மூச்சு வாங்குவதுகூடக் கேட்கும். பயமாகத்தான் இருந்தது. ஆனாலும் அந்த நேரம் மட்டும் அவன் என்னோடு இருந்தான்.

அப்புறம்தான் அந்தப் புத்திகெட்ட வேலையைச் செய்தேன். மழைக்காலத்தில் எனக்குத் தொண்டை கட்டும். லீவு போட்டால் வேறு ஆளைப் பிடித்துவிடுவார்களே என்று பயந்து, குரல் நன்றாக இருக்கும்போதே அவன் பாட்டின் மேல் என் பாட்டையும் பதிந்து மேனேஜர் பிரெட்ரிக்கிடம் கொடுத்தேன். எட்ரியன் மட்டும் பாடிய பதிவைத் தனியாக எடுத்துவைக்கத் தோன்றவில்லை. மழை வந்தது, தொண்டையும் கட்டியது. சரியானதும் போய் நின்றால், "ரெஸ்ட் எடுங்கக்கா, கூப்பிடுறேன்" என்றான். கூப்பிடவேயில்லை. தேநீர் வேளைக்கு நான் கொடுத்த பதிவையே போட்டுக்கொண்டிருந்தான். கியா பார்மில் ஒரு தோட்டத்துக்கு ஸ்ட்ராபெரி பெட்டி கட்டப் போனேன். செத்தவனுக்கு வேலை இருக்கிறது, உயிரோடு இருக்கிறவளுக்கு இல்லை!

நேற்று மானம் ரோஷத்தை விட்டுவிட்டுக் கேட்கப் போனேன்.

"தம்பி, எனக்கு என் வேலை வேணும். என் குரல மட்டும் எடுத்துட்டுப் பாட்டப் போடு, நான் பாடுறேன்."

"ரெண்டும் ஒண்ணா கலந்துபோச்சுக்கா. எனக்குப் பிரிக்கத் தெரியாது." பிரெட்ரிக் சங்கடப்பட்டான். "அது மேலயே பாடுங்களேன். பாஸுக்குப் புடிச்சிருந்தா பேசிப் பாக்கலாம்லா."

மேடையேறி மைக்கைப் பிடித்தேன். எட்ரியன் தொண்டையைச் செருமினான், கித்தார் தொடங்கியது. நான் பாடினேன். ஸ்பீக்கரில் இருந்தவளும் பாடினாள். அவள் குரலில் பிசிறே இல்லை. என்னுடையது குளிர் அறையில் பெட்டி கட்டிக் கரகரத்துப் போன குரல். அவள் எட்டிய இடத்தில் நான் உடைந்தேன். சன்னலோரம் தேநீர் குடித்துக்கொண்டிருந்த பெண் என்னைத் திரும்பிப் பார்த்து உதட்டில் விரல் வைத்தாள்.

வாயை மூடிக்கொண்டேன். பாட்டு நிற்கவில்லை. சரணத்தின் நடுவில் எட்ரியன் லேசாகச் சிரித்தான், அவளும் சிரித்தாள். என் புருஷன் அவளோடு பாடி முடித்தான். எல்லோரும் கைதட்டினார்கள்.

அவளைக் கொல்ல வேண்டும் போலிருந்தது. கொன்றால் அவனும் போய்விடுவான்.