ஐம்பது மைக்ரான் பெண்

பிளாஸ்டிக் தாள் ஆலையில் தடிமன் பார்க்கும் வேலையிலிருந்த பெண், ஒரு செவ்வாய்க்கிழமை காலை எழுந்தபோது, உடுத்தியிருந்த துணியோடு சேர்த்து ஐம்பது மைக்ரான் தடிமன் இருந்தாள். ஒரு மில்லிமீட்டரை ஆயிரம் பங்காக்கினால் ஒரு பங்குதான் மைக்ரான். உயரமும் அகலமும் அப்படியே இருந்தன, பசியும் அப்படியே. தையல்காரரான கணவர் அவளை முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தார். "காத்து பலமா அடிக்குது, பாத்துப் போ" என்று சொல்லி, பறந்துவிடாமலிருக்கப் பெரிய கத்தரிக்கோலை இடுப்பில் கட்டிவிட்டார்.

முந்தின நாள்தான் வினை ஆரம்பித்தது. அவள் விரலால் உரசிப் பார்த்து ஐம்பது என்று சொன்ன பதினான்கு உருளைகளை, மேலாளர் தடிமன் அளக்கும் மைக்ரோமீட்டரில் வைத்து நாற்பத்தெட்டு என்றார். ஐம்பதுக்குக் குறைந்தால் விற்க முடியாது. பதினாறு வருடம் பிசகாத விரல்கள் அவை. மேலாளருக்கு அதைப் பற்றி என்ன கவலை? உருளைகள் செவ்வாய் மதியம் அரவை இயந்திரத்துக்கு, அவள் உடனே வீட்டுக்கு என்று முடிவாயிற்று.

ஆலை வாசல் காவலாளி நல்ல மனிதர். "உனக்குக் கதவத் திறக்கக் கூடாதுன்னு உத்தரவும்மா" என்றார். அவள் கத்தரிக்கோலை அவரிடம் கொடுத்துவிட்டு மூடிய கதவுக்கு அடியில் நுழைந்து போனாள். அவர் திறக்கவில்லை, எனவே அவர்மேல் தப்பில்லை.

சோதனை அறையில் பக்கவாட்டில் நின்ற அவள், நேராகத் திரும்பும்வரை மேலாளரின் கண்ணுக்குத் தெரியவில்லை. "என்னை அளந்து பாருங்க சார்" என்று கையை நீட்டினாள். மைக்ரோமீட்டர் நாற்பத்தெட்டு காட்டியது.

"பாத்தியா, நீயும் குறைச்சல்தான்."

"இப்ப ஒண்ணுமே வைக்காம மூடுங்க."

மூடினார். முள் பூஜ்யத்துக்கு இரண்டு மைக்ரான் கோடு கீழே போய் நின்றது. தூசி புகக் கூடாதென்று தினமும் சாயங்காலம் அதன் வாயை முறுக்கி மூடிவைப்பது அந்த ஆலையின் பெரிய ஒழுங்கு. இறுக்கி இறுக்கியே கருவியின் இரும்புச் சட்டம் வளைந்துவிட்டது. வெறுமனே மூடிப் பார்க்க ஒருவருக்கும் தோன்றவில்லை.

மேலாளர் முகத்தில் ஈயாடவில்லை. அரவை இயந்திரத்தின் வாய்வரை போன முதல் உருளை திரும்பி வந்தது. உருளைகளைக் கட்டும் பிரிவுப் பெண்கள் ஆளுக்கொரு ஓரமாக அவளைத் தலைக்குமேல் தூக்கிப் பிடித்து ஆலையைச் சுற்றி வந்தார்கள். "மடிச்சிடாதீங்கடி!" என்று அவள் மேலிருந்து கத்திக்கொண்டே சிரித்தாள். அத்தனை சந்தோஷத்தை அந்த ஆலை அதற்குமுன் கண்டதில்லை.

பழைய தடிமன் அவளுக்குத் திரும்பவில்லை, அவளும் கேட்கவில்லை. ஆறு மேலாளர்கள் வந்து போனார்கள். புதிதாக வருகிறவர் முதல் வேலையாக அவள் கையை அளக்க வேண்டும். ஐம்பது காட்டினால் மைக்ரோமீட்டர் சரி. காட்டாவிட்டால் வேறு மைக்ரோமீட்டர் வாங்குவார்கள்.