குண்டு போடாத விமானத்தின் மூக்கு

“அப்பா, சண்டையே வராம இருந்திருந்தா இந்த ப்ளேன் என்ன வேலைக்குப் போயிருக்கும்?”

ஆறு வயதில் மகள் கேட்டது. கையில் இருந்த மாதிரி விமானப் பெட்டியின் மேலட்டையில், இரட்டை எஞ்சின் குண்டுவீச்சு விமானம் ஒன்று நெருப்புக்கு நடுவே பறந்துகொண்டிருந்தது. செயற்கைப் பல் செய்யும் கூடத்தில் வேலை பார்க்கும் அப்பா, “யோசிச்சுச் சொல்றேன்” என்றார். யோசித்து முடிக்கப் பதினோரு வருடம் ஆயிற்று.

பாகங்களை வெட்டியெடுத்து ஒட்டிச் செய்யும் அந்த பிளாஸ்டிக் கிட் இப்போது எங்கும் விற்பனைக்கு வருவதில்லை. வெட்டினால் வெட்டியதுதான். அந்தப் பயத்தில் மற்ற விமானங்களையெல்லாம் செய்தவர், இதை மட்டும் தொடவில்லை. இப்போது மகள் படிப்புக்காக வெளியூர் கிளம்புகிறாள். ஞாயிற்றுக்கிழமை ரயில். அதற்கு முந்தின நாள் நூலக மண்டபத்தில் மாதிரி விமானக் கண்காட்சி. அதில் ‘நடக்காத வரலாறு’ என்று ஒரு பிரிவு. அவள் போவதற்குள் அவள் கேட்டதற்குப் பதிலை அந்த மேசைமேல் நிறுத்திவிட வேண்டும். பரிசு பற்றி அவர் நினைக்கவே இல்லை.

“பதினோரு வருஷமா பிளான் மட்டும் போட்டா, நிஜ ப்ளேனே துருப்பிடிச்சிருக்கும்” என்றாள் மனைவி.

சாப்பாட்டு மேசையில் நோட்டு விரிந்தது. அந்தப் பிரிவுக்கு விதி ஒன்றே ஒன்று: எதை மாற்றினாலும் காரணம் எழுத வேண்டும்.

“போர் ரெண்டாவது வருஷமே நின்னுடுது” என்றார்.

“ஏன் நிக்குது? காரணம் எழுதணும்னு சொன்னது நீங்கதானே?” என்றாள் மகள்.

“பேச்சுவார்த்தை.”

“சப்புன்னு இருக்குப்பா. எல்லையில ஓடுற ஆத்துல வெள்ளம். ரெண்டு கரையும் முழுகிடுது. மருந்து தூக்கிட்டுப் போக ரெண்டு நாட்டுக்கும் ப்ளேன் வேணும். அதுக்காகச் சண்டையை நிறுத்துறாங்க. அப்புறம் மறுபடி ஆரம்பிக்க வெக்கமா இருக்கு.”

அவர் பேனாவை வைத்துவிட்டு மகளைப் பார்த்தார். உலகத்தில் அந்த வெட்கம் இன்னும் கொஞ்சம் இருந்திருக்கலாம் என்று தோன்றியது.

துப்பாக்கித் துளைகளை அடைக்கப் புட்டிப் பசை. குண்டு அறையில் பன்னிரண்டு மருந்துப் பெட்டிகள். கண்ணாடி மூக்குக்குள் குறிபார்ப்பவன் படுத்திருந்த இடத்தில், வெள்ளத்தில் ஆளைத் தேடுகிறவன். அடிவயிற்றுக்கு மஞ்சள்.

“மஞ்சளா? ராணுவ விமானம்டி!”

“கீழ இருந்து பாக்கறவங்க ஓடி ஒளியக் கூடாதுல்ல?”

மஞ்சள் நோட்டில் ஏறியது.

அவர் இருக்கும் மாதிரி விமானக் கிளப்பில் எல்லோருக்கும் மூத்தவர் ரிவெட் அண்ணன். விமானப் படையில் மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்றவர். எந்த மாதிரியைப் பார்த்தாலும் முதலில் இறக்கைத் தகட்டில் ரிவெட் ஆணிகளை எண்ணுவார்.

“என்ன பல்லு, பொய் ப்ளேன் கட்டுறியாமே? நடந்ததையே ஒழுங்கா செய்ய ஆளைக் காணோம்” என்றபடி நோட்டைப் புரட்டினார். இரண்டாம் பக்கத்தில் நின்றார். “பன்னிரண்டு பெட்டியையும் பின்னால அடுக்கினா வால் இறங்கிடும். நாலை முன்னால தள்ளு. கற்பனையா இருந்தாலும் கீழ விழக் கூடாது.”

“சரிண்ணே.”

“நான் இதுக்கு ஒத்துக்கிட்டேன்னு அர்த்தமில்ல.”

புதன்கிழமை மாலைதான் அது நடந்தது. பல் கூடத்தில் உடைந்த அச்சுகளை சூப்பர் க்ளூ வைத்து ஒட்டிப் பழகிய கை, கண்ணாடி மூக்கையும் அதையே வைத்து ஒட்டியது. பிறகு தூசி படாமலிருக்க, விமானத்தைச் செருப்புப் பெட்டியில் வைத்து மூடினார். மூடிய பெட்டிக்குள் அந்தப் பசையின் ஆவி தெளிந்த பிளாஸ்டிக்கின்மேல் வெள்ளையாகப் படியும். கிளப்பில் சேருகிற அன்றே சொல்லித்தரும் பாடம் அது. வியாழன் காலை திறந்தபோது, மூக்கு புரை விழுந்த கண்ணைப் போல இருந்தது.

மகள் பற்பசை வைத்துத் தேய்த்தாள். வெளிப்பக்கம் தெளிந்தது. உட்பக்கத்துக்கு விரல் போகவில்லை.

“பரவால்லப்பா. அன்னிக்கு ஒரே பனின்னு எழுதிடலாம்.”

இருவரும் சிரித்தார்கள். அவள் பெட்டி கட்டப் போனதும் அவருக்குச் சிரிப்பு நிலைக்கவில்லை. தேடுகிறவனுக்குக் கண் தெரியாவிட்டால் அந்த விமானம் எதற்கு? கிளப்பின் வாட்ஸ்அப் குழுவில் கேட்டுப் போட்டார்: இந்த மூக்கு யாரிடமாவது இருக்கிறதா? ஒரே ஒரு பதில் வந்தது, ரிவெட் அண்ணனிடமிருந்து: “மூடி வச்சியா? அடுத்தவன் பல்லைக் கழட்டுறப்ப உன் மூளையையும் கழட்டி வச்சிட்டியா?”

வெள்ளிக்கிழமை காலை தபால் பெட்டியில் ஒரு தீப்பெட்டி கிடந்தது. உள்ளே பஞ்சுக்கு நடுவே, தண்ணீர்த் துளி போலத் தெளிந்த மூக்கு. சீட்டு எதுவுமில்லை. வெட்டிய தழும்பு விரலுக்கே தட்டுப்படாதபடி தேய்த்திருந்தது. அந்தக் கிட் அவருக்குத் தெரிந்து இன்னொருவரிடம்தான் இருந்தது. இருபது வருடமாக உறைகூடப் பிரிக்கவில்லை என்று எல்லோரிடமும் பெருமை பேசுகிற ரிவெட் அண்ணன். போன் செய்தார்.

“எந்த மூக்கு? என்கிட்ட இருக்கிறது என் மூஞ்சியில இருக்கிறது ஒண்ணுதான். போய் வேலையைப் பாரு!” போன் வைக்கப்பட்டது.

கடவுள் சில நேரம் தம் கொடையைச் சிடுசிடுக்கிற ஆள் வழியாக அனுப்புகிறார். வாங்குகிறவர் முகத்தைப் பார்க்காமல் கையைப் பார்த்தால் போதும்.

சனிக்கிழமை, மஞ்சள் வயிற்றோடு விமானம் மேசையில் நின்றது. மகள் குனிந்து மூக்குக்குள் எட்டிப் பார்த்தாள். உள்ளே அரிசி அளவு மனிதன் ஒருவன் கீழே உற்றுப் பார்த்தபடி படுத்திருந்தான்.

“லேட்டானாலும் நல்ல வேலைக்குத்தான்பா போயிருக்கு” என்றாள்.

மதியம் எல்லோரும் சாப்பிடக் கீழே இறங்கினார்கள். நடுவர்கள் இரண்டு மணிக்கு வருவார்கள். கைப்பேசியை மறந்து வைத்த அவர் மட்டும் திரும்பி வந்தார். மண்டபத்தில் ஆளில்லை. ரிவெட் அண்ணனின் போர் விமானம் ஒரு பக்கமாகச் சாய்ந்து கிடந்தது. இடது சக்கரக் கால் விட்டுப்போய், இறக்கை நுனி மேசையில் இடித்துக்கொண்டிருந்தது.

அடுத்தவர் மாதிரியைத் தொடக் கூடாது என்பது கிளப்பில் கண்டிப்பு. அண்ணனைக் கூப்பிடலாம். ஆனால் சில மாதங்களாக அண்ணனின் கை நடுங்குகிறது. அந்தக் கையை அவர் கால்சட்டைப் பையிலேயே மறைத்து வைத்திருக்கிறார். அத்தனை பேர் முன்னால் அந்தக் கையை வெளியே எடுக்க வைப்பதா?

பையிலிருந்த பசையைக் குச்சி முனையில் தொட்டு, சக்கரக் காலை அதன் குழியில் பொருத்தினார். இறக்கையை இரண்டு விரலால் தாங்கிப் பிடித்துக்கொண்டு, தெரிந்த பிரார்த்தனையை மனசுக்குள் நிதானமாகச் சொன்னார். இன்னும் இறுகவில்லை என்று தோன்றியதால் மறுபடி முதலிலிருந்து சொன்னார். கையை மெல்ல எடுத்தபோது விமானம் நேராக நின்றது.

விரல் பட்ட இடத்தைக் கைக்குட்டையால் துடைத்தார். சத்தமில்லாமல் கதவைச் சாத்திவிட்டுச் சாப்பிடப் போனார்.