குர்மீத் சிங்கின் வசவு

மல்லேஸ்வரம் வீட்டில் போன் அடித்ததும் ஓய்வுபெற்ற கர்னல் சீனிவாசராகவன் திட்டு வாங்கத் தயாரானார். ஆண்டுதோறும் ஊரார் அறுவடை தொடங்கும் நாளன்று பஞ்சாப் எல்லையிலிருந்து விவசாயி குர்மீத் சிங் அழைத்து, வாய்க்கு வந்தபடி ஏசுவார். போர் மூளும் என்று படைகள் திரண்ட ஆண்டில், அவர் வயலில் நானூறு கண்ணிவெடிகளைப் புதைக்கச் சொன்னவர் கர்னல்தான். போர் வரவில்லை. தோண்டி எடுத்தபோது ஒன்று குறைந்தது. புதைத்தபோது எழுதிய கணக்கில் பிழை இருக்கும், எல்லாம் எடுத்தாயிற்று என்று கையெழுத்துப் போடு என்றது மேலிடம். கர்னல் மசியவில்லை. இருபது ஆண்டுக்கு மேலாக அந்த வயல் முள்வேலிக்குள் தரிசாகக் கிடந்தது.

"நேத்து எடுத்துட்டாங்க, சாப்," என்றார் குர்மீத் இந்தியில். "வாய்க்கால் ஓரத்துல, வண்டலுக்கு அடியில இருந்திருக்கு. யாருக்கும் ஒண்ணும் ஆகல. இனிமே உங்களை எதுக்குத் திட்டறது?"

போனை வைத்துவிட்டுக் கர்னல் அப்படியே நாற்காலியில் சாய்ந்தார்.

"இந்த வருஷமும் திட்டினாரா?" என்று கேட்டாள் மனைவி அலர்மேல்மங்கை.

"இல்லை. வெடியை எடுத்துட்டாளாம்."

"அப்பாடா. இனிமே அந்தப் போனுக்கு நீங்க பயப்பட வேண்டாம்."

"போன் வந்தா எனக்கென்ன பயம்? மனுஷன் வேலியைத் தாண்டிப் போய், ஒரு வருஷம் அது வராமலே போயிடுமோன்னுதான் பயந்தேன்."