கண்ணாடி இறக்காத கார்

ஜுனைதீன் ஹாஜியார் யாருக்கும் எதற்கும் ‘இல்லை’ என்று சொன்னதே கிடையாது. ‘சரி’ என்று சொல்லியே காரியத்தைக் கெடுத்துவிடுகிற கெட்டிக்காரர் அவர். பதுளையில் அவருடைய புடவைக்கடைக்கு வருகிற எல்லோருக்கும் இது தெரியும். மருமகள் றஷீனாவுக்குப் பிபிலையில் ஆசிரியை நியமனம் வந்தபோதும் அதைத்தான் செய்தார்.

“தாராளமாப் போங்க மகள்,” என்றார். “நம்மட காரிலேயே போங்க. நம்மட வீட்டுப் பொம்புளைகள் போற மாதிரி, நாலு பக்கமும் கண்ணாடி ஏத்தி, திரை போட்டு. வழியில எங்கயும் எறக்கப்படாது. அவ்வளவுதான்.”

அவ்வளவுதானாம்! பசறை, லுணுகலை வழியாகப் பிபிலைக்கு இறங்க இரண்டரை மணி நேரம். பசறை வரைக்கும் பரவாயில்லை. அதற்குக் கீழே வெயில் மண்டையைப் பிளக்கும். கண்ணாடியை ஏற்றிக்கொண்டு போனால் பிபிலையில் இறங்குவது ஆசிரியையா, அவித்த மரவள்ளிக்கிழங்கா? போன பெருநாளைக்கு அப்படிப் போன மாமி ஸித்தி ஸுபைதா லுணுகலையிலேயே மயங்கிச் சாய்ந்ததை ஹாஜியார் மறந்திருக்க மாட்டார்.

றஷீனாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வராதா பின்னே? பரீட்சை பாஸாகி மூன்று வருஷம் காத்திருந்து வந்த கடிதம் அது. மாதம் முடிவதற்குள் பொறுப்பேற்காவிட்டால் நியமனம் ரத்து என்று அதிலேயே எழுதியிருந்தது. பாடசாலைக்குப் பக்கத்தில் உம்மாவின் தங்கை, சாச்சி வீடு. திங்கள் போய் வெள்ளி திரும்பினால் போதும். புருஷன் ஷுக்ரியிடம் சண்டை பிடிக்கலாம்தான். நல்ல மனிதன், ஆனால் வாப்பாவுக்கு முன்னால் அவன் வாயில் கொழுக்கட்டை. ஆகவே அவள் புருஷனை விட்டுவிட்டுக் காரைப் பார்த்தாள்.

ஹல்துமுல்லைத் தோட்டத்து வெள்ளைக்காரத் துரை ஊருக்குப் போகும்போது விற்றுவிட்டுப் போன பெரிய அமெரிக்கக் கார். ஏசியோடு வந்த கார். பெட்ரோல் விலை ஏறிய வருஷம் ஹாஜியார் அதன் எஞ்சினைக் கழற்றிவிட்டுப் பழைய லொறி ஒன்றின் டீசல் எஞ்சினைப் போட்டார். ஏசியை ஓட்டிய கம்ப்ரஸர் பழைய எஞ்சினோடு பூட்டியிருந்தது. புதிதில் அதற்கு இடமில்லை. கழற்றிய சாமான் எல்லாம் மூன்று வருஷமாய்க் கடைக்குப் பின்னால் சாக்குக்குள் கிடந்தது.

“கண்ணாடி ஏத்தியே போறேன் மாமா. வாக்கு வாக்குத்தானே?” என்று கேட்டாள்.

“வாக்கு வாக்குத்தான்,” என்றார் ஹாஜியார். அவருக்கு உள்ளுக்குள் சிரிப்பு.

ஊர்க் கராஜ்காரர்கள் இரண்டு பேர் வந்து பார்த்தார்கள். லொறி எஞ்சினில் ஏசியா, மொட்டைத் தலைக்கும் முழங்காலுக்கும் முடிச்சா என்று சிரித்துவிட்டுப் போனார்கள். மூன்றாவதாக வந்தவர் நல்லையா. தெமோதரைப் பக்கத்துத் தேயிலை ஃபெக்டரியில் மெஷின் பார்க்கிறவர். அங்கே ஒரே எஞ்சின்தான், பெல்ட் பெல்ட்டாக மாட்டி அத்தனை மெஷினையும் ஓட்டும். எந்தச் சக்கரத்தைச் சிறிதாக்கினால் எது வேகமாய்ச் சுற்றும் என்பது அவருக்குத் தண்ணீர்பட்ட பாடு.

“இது மெதுவாச் சுத்துற எஞ்சினுங்க, டீச்சரம்மா. கம்ப்ரஸர் சக்கரத்தச் சின்னதாக்கிட்டா ஓடிரும்.”

அந்த வீட்டு வாசலில் அவளை டீச்சர் என்று கூப்பிட்ட முதல் ஆள் அவர்தான். வேலையை அவரிடமே கொடுத்தாள்.

நல்லையா இரும்புத் தகட்டை வளைத்துக் கம்ப்ரஸரைத் தாங்க வைத்தார். நூல் பிடித்துச் சக்கரங்களை ஒரே கோட்டில் நிறுத்தினார். போடவும் நிறுத்தவும் இருந்த சாதனம் எரிந்து போயிருந்ததால் அதை அப்படியே ஒட்டவைத்துவிட்டார். எஞ்சின் ஓடினால் ஏசியும் ஓடும். பண்டாரவளையில் ஃபிரிட்ஜ் திருத்துகிற முருகையா வந்து காஸ் ஏற்றினார். பன்னிரண்டு நிமிஷம் ஜில்லென்று காற்று வந்தது. பிறகு நின்றுவிட்டது.

“பரவாயில்ல மகள், பிபிலை எங்கயும் ஓடிப் போகாது,” என்றார் ஹாஜியார், கடை வாசலில் நின்றபடி. மாதம் முடிய ஒரு வாரம்தான் இருந்தது. அன்று றஷீனா சோறு தின்னவில்லை.

குழாய்க்குள் ஈரம் இருக்கிறது, அது உறைந்து வழியை அடைக்கிறது என்றார் முருகையா. மூன்று வருஷம் மழையில் கிடந்த சாமான் வேறு எப்படி இருக்கும்? ஈரம் போகாமல் காஸ் ஏற்றுவது வீண். கையில் இருப்பதும் இன்னும் ஒரு தடவைக்குத்தான். பதுளையில் கொட்டுகிற இந்த அடைமழையில் எங்கே காயவைப்பது என்று றஷீனா கேட்டாள்.

நல்லையா சிரித்தார். “ஈரத்த எடுக்கிறதுதானேங்க எங்க பொழப்பே.”

சனிக்கிழமை ஃபெக்டரியில் கடைசித் தேயிலை காய்ந்து இறங்கியதும், அடுப்புச் சூடு ஆறுமுன் குழாய்களும் குளிர்ப் பெட்டியும் உள்ளே போயின. ஃபெக்டரிக்குப் பொறுப்பான டீமேக்கர் கண்டும் காணாதவர் போல் வெளியே போய்விட்டார். ஞாயிறு எல்லாவற்றையும் திரும்பப் பூட்டினார்கள். முருகையா பழைய ஃபிரிட்ஜ் மோட்டர் ஒன்றை வைத்துக் குழாயிலிருந்த காற்றை உறிஞ்சி எடுத்துவிட்டு, கடைசி காஸை ஏற்றினார். தேயிலை மணத்தோடு காற்று வந்தது. பன்னிரண்டு நிமிஷம் போயிற்று. ஒரு மணி நேரமும் போயிற்று. காற்று நிற்கவில்லை.

திங்கள் காலை ஹாஜியார் தாமே முன்சீட்டில் ஏறிக்கொண்டார். கண்ணாடி இறங்குகிறதா என்று பார்க்க வேண்டுமாம். ஷுக்ரி ஓட்டினான், றஷீனா பின்னால் திரைக்குள். பசறை தாண்டும்போது ஹாஜியார் சட்டைப் பொத்தானைக் கழுத்து வரை பூட்டினார். லுணுகலையில் தொப்பியைக் காது வரை இழுத்துவிட்டார். காற்று நேரே அவர் நெஞ்சில்தான் அடித்தது. அதை நிறுத்தச் சொன்னார். நிறுத்த முடியாது வாப்பா, எஞ்சினோடு ஓடுகிறது என்றான் ஷுக்ரி.

“மகள்,” என்றார், பல் கிட்ட. “இந்தக் கண்ணாடியக் கொஞ்சம் எறக்கட்டுமா?”

“எங்கயும் எறக்கப்படாதுன்னு சொன்னீங்களே மாமா. வாக்கு வாக்குத்தானே?”

சொல்லிவிட்டுத் தன் சால்வையை முன்னால் நீட்டினாள். அவர் வாங்கிக்கொண்டார். வேறு என்ன செய்வார்?

பிபிலைப் பாடசாலை வாசலில் அந்தக் காரிலிருந்து முக்காடு போட்டு இறங்கியவர் ஜுனைதீன் ஹாஜியார்தான். றஷீனா நேரே அதிபரின் அறைக்குப் போய்ப் பதிவேட்டில் கையெழுத்து வைத்தாள். திரும்பி வந்தபோது மாமா உச்சி வெயிலில் நின்று கையைத் தேய்த்துக்கொண்டிருந்தார்.

“வெள்ளிக்கிழமை என்னக் கூட்டிப்போக நீங்களும் வாறீங்களா மாமா?” என்று கேட்டாள்.

“இல்ல,” என்றார் ஹாஜியார்.