கண்ணூறு பட்ட மெசின்

கல்லடியில் கோணாமலை முதலாளியின் மரத் தளபாடப் பட்டறையில், ஆயுத பூசைக்கு அடுக்கி வைத்த சாமான்களுக்கு நடுநாயகமாக இருந்தது அந்தக் கிரைண்டர்தான். சதீசனின் இரண்டு விரல்களைத் தின்ற அதே கிரைண்டர். அதற்குச் சந்தனம், குங்குமம், செவ்வரத்தம்பூ மாலை, கண்ணூறுக்கென்று ஒரு எலுமிச்சம்பழம் வேறு. புருசன் சதீசனோடு வாசலில் வந்து நின்ற கேதீஸ்வரிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. விரலைக் கொடுத்தவனை ஏனென்று கேட்க ஆளில்லை, எடுத்த மெசினுக்கு மாலை மரியாதை.

அது கையில் பிடித்து இரும்பு வெட்ட வந்த மெசின். முதலாளி அதில் மரம் அறுக்கிற பல்லுத் தகட்டைப் பூட்டினார். தகடு பெரிசு, மேலே மூடுகிற இரும்புக் கவர் இடித்தது. கவரைக் கழற்றி எறிந்துவிட்டு வேலையை நடத்தினார். தேக்கம்பலகையின் முடிச்சில் தகடு கடித்தபோது மெசின் ஒரு உதறு உதறிச் சதீசனின் இடது கையில் வந்து விழுந்தது. ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்து இதையெல்லாம் அவளுக்குச் சொன்னவனே சதீசன்தான்.

பிறகு முதலாளி தோடம்பழப் பையோடு ஆஸ்பத்திரிக்கு வந்தார். "கண்ணூறு தம்பி. மண்டூர்ல இருந்து வந்த ஆக்கள் உன்ட கதவு வேலைய வாயப் பிளந்து பாத்தாங்கதானே, அதுதான்" என்றார்.

"ஓம் முதலாளி, எனக்கும் அப்பிடித்தான் படுது" என்று சதீசன் தலையாட்டினான்.

முதலாளி மேல் வந்த கோபத்தைவிடப் புருசன் மேல் வந்த கோபம்தான் அவளுக்குப் பெரிதாக இருந்தது. விரலோடு மூளையையும் சேர்த்தா அறுத்தது என்று அவர் போனதும் கேட்டேவிட்டாள். "சும்மா இரி. இந்த வேலைய உட்டா வேற ஆரு கூப்பிடப் போறான்?" என்று அவன் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டான்.

இப்போது கற்பூரம் எரிந்து முடிந்தது. நீற்றுப்பூசணியை உடைத்துக் கழிப்பும் கழித்தார்கள். முதலாளி சதீசனின் நெற்றியில் திருநீறு பூசினார்.

"இனி ஒண்டும் செய்யாது. திங்கக்கிழமை வா தம்பி, உன்ட மெசின் உனக்குத்தான்."

"கவர் எங்க முதலாளி?" கேதீஸ்வரி உள்ளே வந்துவிட்டாள்.

"கவரப் போட்டா இந்தத் தகடு சுத்தாது புள்ள."

"அப்ப மரம் அறுக்கிறதுக்கெண்டு இரிக்கிற மெசின வாங்குங்க. மிச்ச விரலுக்கும் பூசணிக்காயா உடைக்கப் போறீங்க?"

"பூசை நேரத்துல பொம்புள கதைக்கிற கதையா இது?"

வேலைக்காரர்கள் கையிலிருந்த கடலையை எண்ணுகிறவர்கள் போலக் குனிந்து நின்றார்கள். கேதீஸ்வரி பூசைப் பலகையிலிருந்து மெசினை மாலையோடு தூக்கினாள். நல்ல பாரம். வயர் தரையில் இழுபட, அவர் முன்னால் போய் நீட்டினாள்.

"கண்ணூறு கழிஞ்சிட்டுத்தானே. இந்தாங்க, நீங்க ஒரு பலகைய அறுங்க. நாங்க பாக்கிறம்."

முதலாளி சிரிக்கப் பார்த்தார், சிரிப்பு வரவில்லை. அவருடைய கைகள் இரண்டும் மெல்ல முதுகுப் பக்கம் போயின. பட்டறை முழுக்க அதைப் பார்த்தது. அவளுக்குத் தோள் கடுத்தது, ஆனாலும் இறக்கவில்லை.

"இஞ்ச தா கேதீசு," என்று சதீசன் குறுக்கே வந்தான். "முதலாளிய ஏன் வெக்கப்படுத்துறாய்? நான் அறுத்துக் காட்டுறன்."

கட்டுப்போட்ட கை நீண்டு வந்து மெசினின் கைப்பிடியைப் பற்றியது. மிஞ்சின மூன்று விரலாலும் இழுத்தான். அவள் விடவில்லை. "உடுங்க, உடுங்க" என்று கத்தினாள். அவனும் விடவில்லை.

முதலாளியின் கைகள் அப்போதுதான் முன்னால் வந்தன. குனிந்து, தரையில் கிடந்த வயரைக் கையில் சுருட்டிக்கொண்டு போய், பிளக்கைச் சுவரில் செருகினார்.